வியர்த்துக்கொண்டிருந்தவருக்கு ஹீட் ஸ்ட்ரோக் எப்படி வந்தது?

கட்டுமான வேலையில் 11 வருடங்களாக இருக்கும் ஒரு சூப்பர்வைசர் எழுதிய கடிதம் இது. வயது 36. பெயரும் நிறுவனமும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

இவருடைய பொறுப்பில் இருக்கும் தளத்தில், கம்பி கட்டும் வேலைக்கு 22 வயது இளைஞர் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். சேர்ந்த அன்று காலை எல்லோருக்கும் போடும் பாதுகாப்பு வீடியோவை அவருக்கும் போட்டுக் காட்டினார்கள். அதில் வெயில் பற்றி மூன்று நிமிடம் வரும். ‘தண்ணீர் நிறையக் குடியுங்கள், உடம்புக்கு முடியவில்லை என்றால் உடனே சொல்லுங்கள்’ என்பதுதான் அதன் சாரம். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேலே அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் பிற்பகலில் அந்த இளைஞர், கட்டிய கம்பியையே அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டதற்கு எரிந்து விழுந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கால் தடுமாறிக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

“சட்டை முழுக்க வியர்வை, டாக்டர். ஹீட் ஸ்ட்ரோக் என்றால் தோல் காய்ந்துபோய் இருக்கும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். வியர்க்கிறதே, வெறும் களைப்புதான் என்று நினைத்து நிழலில் படுக்கவைத்தேன். பாராசிட்டமால் கொடுத்தேன். வாயில் தண்ணீர் புகட்டினேன். நாற்பது நிமிடம் கழித்து வலிப்பு வந்தது” என்று எழுதுகிறார். இளைஞர் ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். உயிர் பிழைத்துவிட்டார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இப்போது மெல்லத் தேறிவருகிறார்.

போதிய தண்ணீர் குடிக்காததால் மயங்கினார் என்று எழுதிய விபத்து அறிக்கையில் நிர்வாகம் இவரைக் கையெழுத்துப் போடச் சொல்கிறது. கூடவே, அடுத்த மாதம் முதல் வெயில் பாதுகாப்புப் பயிற்சியை நடத்தும் பொறுப்பையும் இவரிடமே கொடுத்திருக்கிறது. இவர் கேட்பது மூன்று: தவறு என்னுடையதா? அத்தனை தடவை சொல்லியும் அவர் ஏன் எங்களிடம் வாய் திறந்து சொல்லவில்லை? இனி நான் என்ன சொல்லிக்கொடுப்பது?

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

கட்டிய கம்பியை அவிழ்த்து மறுபடியும் கட்டினார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். ஹீட் ஸ்ட்ரோக் அப்போதே வந்துவிட்டது. கால் தடுமாறியதும் வலிப்பும் பின்னால் வந்தவை. நம் உடம்பின் உள்வெப்பம் சாதாரணமாக 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அது 40 டிகிரியைத் தாண்டி, மூளையும் தடுமாறத் தொடங்கினால் அதைத்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்கிறோம். குழப்பம், சம்பந்தமில்லாத கோபம், உளறல், செய்ததையே திரும்பச் செய்வது எல்லாம் மூளை சூடாகிவிட்டதன் அறிகுறிகள். அந்த நிலையில் இருப்பவருக்குத் தனக்கு ஏதோ ஆகிறது என்பதே தெரியாது. ‘முடியவில்லை என்றால் சொல்லுங்கள்’ என்று நீங்கள் காட்டிய வீடியோ, அந்த நேரத்தில் எந்தப் புத்தி வேலை செய்யாதோ அதை நம்பித்தான் நின்றது. அவரைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

வெயில் பயிற்சிகளில் நான் காணும் பெரிய ஓட்டை இதுதான். பாதிக்கப்படப் போகிறவருக்குச் சொல்லிவிட்டு முடித்துவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவருக்கும், வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ளவருக்கும்தான் முதலில் பயிற்சி வேண்டும்.

வியர்வை பற்றிய தப்புக் கணக்கு

தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது முழுப் பொய்யல்ல, பாதி உண்மை. வெப்ப அலை நாட்களில், காற்றில்லாத அறைக்குள் இருக்கும் முதியவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் மெல்ல மெல்ல வருவது ஒரு வகை. அவர்களுக்குப் பெரும்பாலும் தோல் வறண்டிருக்கும். உழைப்பவருக்கு வருவது வேறு வகை. தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. வெளியே வெயில், உள்ளே இந்த உலை. வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும், உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அதனால் உங்கள் தளத்தில் வியர்வையை அடையாளமாக வைக்கவே வைக்காதீர்கள்.

பேச்சையும் நடையையும் நடத்தையையும் பாருங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கடும் தாகம் இருந்தும் ஆள் தெளிவாகப் பேசினால் அது வெப்பச் சோர்வு. வேலையை நிறுத்தி, குளிர்ந்த இடத்தில் உட்காரவைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, தண்ணீர் கொடுத்து, தனியே விடாமல் கவனிக்க வேண்டும். பெயர், இன்று என்ன கிழமை, இப்போது எங்கே இருக்கிறோம் என்று கேளுங்கள். நாலு அடி நேராக நடக்கச் சொல்லுங்கள். இதில் ஒன்றில் தடுமாறினாலும் ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். நெற்றியில் காட்டிப் பார்க்கும் வெப்பமானியை நம்பித் தாமதிக்க வேண்டாம். உழைத்து வியர்த்த உடம்பில் அது குறைவாகக் காட்டும்.

பாராசிட்டமால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலில் மூளையே வெப்பத்தின் அளவை உயர்த்தி வைக்கிறது, மருந்து அதைக் கீழே இறக்குகிறது. ஹீட் ஸ்ட்ரோக்கில் மூளை எதையும் உயர்த்தவில்லை, வெப்பம் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. ஏற்கெனவே அடிபட்டிருக்கும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை. குழம்பிய நிலையில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகலாம். அதையும் செய்யக் கூடாது.

தார்ப்பாயும் எட்டுப் பேரும்

அப்படியென்றால் என்ன செய்திருக்க வேண்டும்? முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். ஆம்புலன்ஸை உடனே கூப்பிடுங்கள். ஆனால் அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். விழுந்த அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பத்தை 39 டிகிரி அளவுக்கு இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக மிக அதிகம். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் மூளை, கல்லீரல், சிறுநீரகம், தசை என்று சேதம் பரவுகிறது.

பயிற்சிக்கு நான் போகும் இடங்களில் முதல் கால்மணி நேரம் பேசவே மாட்டேன். தளத்தில் கிடக்கும் தார்ப்பாய் ஒன்றை விரிக்கச் சொல்வேன். ஒருவர் நடுவில் படுத்துக்கொள்வார். சுற்றி எட்டுப் பேர் விளிம்பைப் பிடித்து இடுப்பளவுக்குத் தூக்கினால் தொட்டி போல ஆகிவிடும். இரண்டு பேர் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரும் ஐஸும் கொட்ட வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று முகம் மூழ்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். விளிம்பைப் பிடித்திருப்பவர்கள் தார்ப்பாயை லேசாக ஆட்டினால் தண்ணீர் உடம்பின் மேல் அலைந்து சூட்டைச் சீக்கிரம் இழுக்கும். முதல் தடவை யாராவது ஒரு மூலையை விட்டுவிடுவார்கள், தண்ணீர் மொத்தமும் ஓடிப்போகும். மறுபடியும் செய்யச் சொல்வேன். மூன்றாவது தடவையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள், கைகள் தானாக இடத்துக்குப் போய்விடும். படுத்திருந்தவர் எழுந்து, “இவ்வளவு சில்லென்று இருக்குமா!” என்று கேட்கும்போது, அந்த வேகம் எதற்கு என்று அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் புரிந்துவிடும்.

ஐஸ் இல்லையா? சாதாரணத் தண்ணீரையே நிற்காமல் ஊற்றிக்கொண்டு விசிறிவிடுங்கள். நனைத்த துணிகளைத் தலை, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வைத்து, அவை சூடாவதற்குள் மாற்றிக்கொண்டே இருங்கள். தெளிவு திரும்பி உடம்பு நடுங்க ஆரம்பிக்கும்வரை, இல்லையென்றால் மருத்துவக் குழு வந்து பொறுப்பேற்கும்வரை நிறுத்தாதீர்கள். யார் போன் செய்வது, யார் நுழைவாயிலுக்கு ஓடி வண்டிக்கு வழிகாட்டுவது என்பதையும் பெயர் சொல்லி முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். ‘யாராவது போங்க’ என்றால் யாரும் போக மாட்டார்கள்.

தண்ணீர் குடிக்காததுதான் காரணமா?

தண்ணீர் அவசியம்தான். வெயிலில் உழைக்கும்போது 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர் அளவு குடிப்பது நல்ல கணக்கு. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகவும் கூடாது. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். வியர்வை பல மணி நேரம் ஓடினால் ஓ.ஆர்.எஸ். போல உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்ந்தது உதவும். உப்பு மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

ஆனால் ஒழுங்காகத் தண்ணீர் குடித்தவருக்கும் ஹீட் ஸ்ட்ரோக் வரும். உலைக்கு முன்னால் நிற்பவர் எத்தனை டம்ளர் குடித்தாலும் உலை அணையாது. ‘தண்ணீர் குடிக்கவில்லை’ என்று எழுதுவது, பழியை விழுந்தவர் தலையில் கட்டுவதற்கு ரொம்ப வசதியான வரி. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: அது அவருடைய மூன்றாம் நாள்.

வேலையிடத்தில் வெப்பத்தால் நேரும் இறப்புகளில் ஏறத்தாழப் பாதி, வேலைக்கு வந்த முதல் நாளிலேயே நேர்கின்றன என்றும், 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள் நேர்கின்றன என்றும் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் சொல்கிறது. காரணம், வெப்பத்துக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், நிறைய வியர்க்கும், வியர்வையில் உப்பை வீணாக்காது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, இதயம் குறைவான துடிப்பிலேயே வேலையைச் சமாளிக்கும். ‘இளவட்டம், திடகாத்திரம், வெயிலில் வளர்ந்தவர்’ என்று எழுதியிருந்தீர்கள். வெயிலில் வளர்ந்தது வேறு, வெயிலில் நாள் முழுக்கக் குனிந்து கம்பி கட்டுவது வேறு. அந்த வேலையை அந்த வெயிலில் செய்துதான் உடம்பு பழக முடியும்.

அதற்கு எளிமையான கணக்கு ஒன்று உண்டு. புதிதாக வருபவருக்கு முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதம் மட்டும் வெயிலில். பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டினால் ஐந்தாம் நாள் முழு வேலைக்கு வருவார். ஏற்கெனவே அதே வேலை செய்து, விடுப்பில் போய்த் திரும்புபவருக்கு 50, 60, 80, 100 என்று நாலு நாள். ஒரு வாரம் வராமல் இருந்தாலே பழக்கம் குறையத் தொடங்கிவிடும் என்பதால் பழைய ஆட்களுக்கும் இது பொருந்தும். உங்கள் இளைஞர் முதல் நாளே முழு நாளும் நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். விபத்து அங்கேதான் தொடங்கியது.

பயிற்சியை எப்படி நடத்துவது

தார்ப்பாய் ஒத்திகை, மூன்று கேள்விச் சோதனை, முதல் வாரக் கணக்கு ஆகிய மூன்றும் பயிற்சியின் உடம்பு. நீங்கள் எல்லோரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுங்கள். ஒருவர் பேச்சும் நடையும் மாறினால் மற்றவர் கைதூக்க வேண்டும், கேட்டு அனுமதி வாங்கத் தேவையில்லை. புதியவருடன் எப்போதும் பழைய ஆள் ஒருவர் இருக்கட்டும். அன்று எரிந்து விழுந்ததைக் கவனித்த அந்தப் பக்கத்து ஆளுக்கு, ‘இது ஆபத்து’ என்று மட்டும் தெரிந்திருந்தால் கதையே மாறியிருக்கும். அவரை விட்டே பயிற்சியில் பேசச் சொல்லுங்கள், அவருக்கு மனம் இருந்தால்.

ஒரு தடவை நடத்தி முடித்துவிடாதீர்கள். வெயில் காலம் தொடங்கும் முன் ஒன்று, அப்புறம் தினமும் வேலை ஆரம்பிக்கும்போது ஐந்து நிமிடம்: இன்று எப்படி இருக்கிறது, யார் புதுசு, எப்போது நிறுத்துகிறோம். அவர்கள் பேசும் மொழியிலேயே சொல்லுங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

போன் காட்டும் வெப்பநிலையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அது நிழலில் அளந்தது. ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் அளவு ஒன்று இருக்கிறது, டபிள்யூபிஜிடி என்பார்கள். ராணுவப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெயிலில் விழுந்ததால் 1950களில் அமெரிக்காவில் உருவானது. கையடக்கக் கருவியே கிடைக்கிறது, நிர்வாகத்திடம் கேளுங்கள். அந்த அளவில் 25 டிகிரியைத் தாண்டினாலே, மிதமான வேலை செய்யும் பழகாதவருக்கு எச்சரிக்கை. பழகியவருக்கு 28.

சில மருந்துகள் வெப்பத்தைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள், சில ஒவ்வாமை மருந்துகள், சில மனநல மருந்துகள் என்று பட்டியல் நீளும். முந்தைய நாள் குடித்த மதுவும் அப்படித்தான். இதை எல்லோர் முன்னிலையிலும் யாரிடமும் கேட்காதீர்கள். பட்டியலைச் சொல்லிவிட்டு, தனியாக மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். மாத்திரையை அவர்களாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பயிற்சியால் மட்டும் ஆகாத விஷயங்களும் உண்டு. செய்த வேலைக்கு ஏற்பக் கூலி என்றால் யாரும் ஓய்வெடுக்க மாட்டார்கள், உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குக் கூலி இழப்பு. ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலில் நிர்வாகம் சொல்ல வேண்டும். கழிப்பறை இல்லாத தளத்தில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அங்கே ‘நிறையக் குடியுங்கள்’ என்று போர்டு வைத்து என்ன பயன்? இதையெல்லாம் மேலே சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருக்கலாம். உலக சுகாதார அமைப்பும் உலக வானிலை அமைப்பும் 2025இல் வெளியிட்ட அறிக்கையைக் காட்டுங்கள். டபிள்யூபிஜிடி அளவில் 20 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தித்திறன் 2 முதல் 3 சதவீதம் குறைகிறது என்கிறது அது. இந்தக் கணக்கு அவர்களுக்குப் புரியும்.

அந்தக் கையெழுத்து

அப்படியே போட்டுக்கொடுத்தால் இன்றைக்கு நிம்மதி. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒரு காரணத்துக்கு நீங்கள் சாட்சி சொன்னதாகிவிடும். அந்த இளைஞருக்கு வர வேண்டிய இழப்பீட்டை அந்த ஒரு வரி தடுக்கலாம், நாளைக்கு விசாரணை என்று வந்தால் உங்கள் மேலேயே திரும்பலாம். போட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே மறுத்தால் வேலைக்கு ஆபத்து. நான் சொல்வது நடுவழி: நடந்ததை நீங்களே தனியாக எழுதுங்கள். அவர் சேர்ந்த நாள், வேலை நேரம், என்ன வேலை, எத்தனை மணிக்கு என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், நாற்பது நிமிடம் உட்பட. ‘காரணத்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்’ என்று முடித்து, தேதி போட்டு, அறிக்கையுடன் இணைக்கச் சொல்லிக் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். நினைவு மங்குவதற்குள், இன்று இரவே எழுதிவிடுங்கள்.

நான் மருத்துவர். உங்கள் நாட்டுச் சட்டத்தின் நுணுக்கங்களைத் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் வழக்கறிஞரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக ஒன்று தெரிந்து வையுங்கள்: உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கை. பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவைத் தொழிலாளர் மேல் சுமத்தக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பாதுகாப்பான வேலைச்சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக அந்த அமைப்பு 2022இல் சேர்த்துக்கொண்டது.

தவறு உங்களுடையதா என்று கேட்டீர்கள். அந்த நாற்பது நிமிடம் தவறாகத்தான் போனது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் 11 வருடத்தில் ஒரு நாள்கூட ஒருவரும் உங்களுக்கு அதைக் கற்றுத்தரவில்லை. கற்றுத்தர வேண்டிய கடமை உங்களை அந்தப் பொறுப்பில் வைத்தவர்களுடையது. நீங்கள் ஓடிப்போகவில்லை, பக்கத்திலேயே இருந்தீர்கள், தெரிந்ததைச் செய்தீர்கள்.

இப்போது அந்த இளைஞரைப் பாருங்கள். வீடு திரும்பி ஒரு வாரமாவது கடும் உழைப்பு கூடாது. சிறுநீரகம், கல்லீரல், தசை பற்றிய இரத்தப் பரிசோதனைகள் சரியாகி, மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் வேலை. சிறுநீரகம் தேறும்வரை வலி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். சிறுநீர் அடர்பழுப்பு நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திரும்பி வரும்போது முதல் நாள் மறுபடியும் 20 சதவீதத்திலிருந்துதான், அதுவும் காலை நேரத்தில், அந்தப் பக்கத்து ஆளுடன். மருத்துவர் எந்த வேகத்தில் ஏற்றச் சொல்கிறார் என்பதையும் அவர் திரும்பும் தேதியையும் எனக்கு எழுதுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கான அட்டவணையை நாம் சேர்ந்தே போடுவோம்.